தடை முடிந்த பிறகு: மது, இரத்தப் பரிசோதனை, லைசன்ஸ்

பிரிட்டனில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டவரிடம் நம்மவர்கள் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு: "ஒரு வருசம்தானே அண்ணை, கண்ணை மூடித் திறக்கப் போயிடும்." பலருக்கு அது சரிதான். தடைக்காலம் முடிகிற நேரத்தில் படிவம் நிரப்பி, பணம் கட்டினால் லைசன்ஸ் தபாலில் வந்துவிடும். ஆனால் ஒரு பகுதியினருக்குத் தடை முடியும் தேதியில் எதுவும் தானாக நடப்பதில்லை. லைசன்ஸ் வழங்கும் அலுவலகமான டி.வி.எல்.ஏ. நியமித்த மருத்துவர் முன் உட்கார்ந்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, கையை நீட்டி இரத்தம் கொடுத்து, அதன் முடிவு ஸ்வான்சியில் உள்ள அந்த அலுவலகத்துக்குத் திருப்தியாக இருந்தால்தான் சாவியைத் தொட முடியும். இந்த அத்தியாயம் அவர்களுக்கானது. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றுக்கும் இது பொருந்தும். வட அயர்லாந்தில் லைசன்ஸ் வழங்குவது வேறு துறை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பரிசோதனையைக் கடைசி மாதத்து வேலையாக நினைப்பவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். சிலர் லைசன்ஸை இழக்கிறார்கள். சிலர் அவசரமாகக் குடியை நிறுத்தி உயிருக்கே ஆபத்தைத் தேடிக்கொள்கிறார்கள். நீதிமன்றத்திலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே தயாரிப்பு தொடங்க வேண்டும்.

யாருக்கு இந்தப் பரிசோதனை

சட்டம் இவர்களை 'ஹை ரிஸ்க் அஃபெண்டர்', அதாவது மீண்டும் தவறு செய்யும் ஆபத்து அதிகமுள்ளவர் என்கிறது. இதற்குள் வரும் வழிகள் சில. பிடிபட்டபோது 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் மது 200 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் நீங்கள் இந்த வகை. மூச்சுப் பரிசோதனையில் அதற்கு ஈடான அளவு 87.5 மைக்ரோகிராம், சிறுநீரில் 267.5 மில்லிகிராம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டம் அனுமதிக்கும் எல்லை இரத்தத்தில் 80, மூச்சில் 35. ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் முதல் அது 50, 22 என்று குறைக்கப்பட்டிருக்கிறது. ஆக, இங்கிலாந்து எல்லையைப் போல இரண்டரை மடங்கு இருந்தால் இந்தப் பட்டியலில் உங்கள் பெயர் சேர்ந்துவிடும்.

பத்து ஆண்டுக்குள் மதுவுக்காக இரண்டு முறை தடை பெற்றவர்களும் இதில் வருவார்கள். இரண்டு முறையும் அளவு சற்றே கூடியிருந்தது என்ற வாதம் இங்கே எடுபடாது.

மூன்றாவது வழியில்தான் நம்மவர்கள் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். காவல் நிலையத்தில் மூச்சோ இரத்தமோ சிறுநீரோ தரத் தகுந்த காரணமின்றி மறுத்தாலும் நீங்கள் இந்த வகைதான். "ஊதாவிட்டால் ஆதாரம் இருக்காது" என்று யாரோ சொன்னதை நம்பி மறுத்தவர்கள் உண்டு; பதற்றத்தில், ஆங்கிலம் பிடிபடாமல், சொன்னபடி ஊதத் தெரியாமல் நின்றவர்களும் உண்டு. மறுப்பே தனிக் குற்றம். ஒரே ஒரு பியர் குடித்தவர்கூட மறுத்தால், எல்லையைப் போல மூன்று மடங்கு குடித்தவரோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டிவரும். காவல் நிலையத்தில் மொழிபெயர்ப்பாளர் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இலவச வழக்கறிஞர் உதவியும் உண்டு. ஆனால் அவர்கள் வரும்வரை மூச்சுப் பரிசோதனையைத் தள்ளிப்போடலாம் என்று நினைக்காதீர்கள்.

எந்த வழியில் வந்தீர்கள் என்று தெரியவில்லை என்றால் நீதிமன்றத் தாள்களை எடுத்துப் பாருங்கள். மூச்சு அளவு அதில் எழுதியிருக்கும். குற்றத்தின் குறியீடும் இருக்கும்: டிஆர்10 என்றால் எல்லைக்கு மேல் குடித்து ஓட்டியது, டிஆர்30 என்றால் ஓட்டிய பிறகு மாதிரி தர மறுத்தது.

தேதிகளும் தாள்களும்

நீதிமன்றம் மறுவாழ்வு வகுப்புக்குப் போக வாய்ப்பளித்தால் மறுக்காதீர்கள். பதினாறு மணி நேர வகுப்பு. பொதுவாக மூன்று நாட்களாகப் பிரித்து நடத்துவார்கள். குறித்த நாளுக்குள் முடித்தால் தடைக்காலத்தில் ஏறக்குறைய கால்பங்கு குறையும். காசு உங்கள் கையிலிருந்துதான் போகும். ஆனால் வகுப்பை முடித்தாலும் மருத்துவப் பரிசோதனை தள்ளுபடியாகாது. "கோர்ஸ் செய்திட்டன், இனி ரத்தம் எதுக்கு?" என்று கேட்பவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று நீதிமன்றம் தருவது, மற்றது டி.வி.எல்.ஏ. கேட்பது.

தடை முடிய 90 நாள் இருக்கும்போது டி27பிஎச் என்ற படிவம் உங்கள் முகவரிக்கு வரும். அந்த முகவரி சரியாக இருக்க வேண்டும். தடைக்காலத்தில் வேலை போய், வாடகை கட்ட முடியாமல் வீடு மாறியவர்களின் படிவம் பழைய வீட்டில் கிடப்பது அடிக்கடி நடக்கிறது. வீடு மாறினால் லைசன்ஸ் கையில் இல்லாவிட்டாலும் டி.வி.எல்.ஏ.க்கு எழுதித் தெரிவியுங்கள். படிவம் வந்ததும் நிரப்பி அனுப்புங்கள். லைசன்ஸுக்கான கட்டணம் ஒன்று, மருத்துவருக்கும் இரத்தச் சோதனைக்குமான கட்டணம் தனியாக இன்னொன்று. இரண்டும் உங்கள் செலவு.

இன்னொரு பழைய கதையைச் சுத்தமாக மறந்துவிட வேண்டும். முன்பெல்லாம் படிவம் அனுப்பிவிட்டால், முடிவு வரும்வரை 1988ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 88ஆம் பிரிவைக் காட்டி ஓட்டலாம் என்றிருந்தது. 2013 ஜூன் 1 முதல் தடை பெற்ற இந்த வகையினருக்கு அந்தச் சலுகை கிடையாது. மருத்துவ ரீதியாகத் தகுதி உண்டு என்று டி.வி.எல்.ஏ. சொல்லும்வரை ஓட்டக்கூடாது. முந்திய காலத்தில் லைசன்ஸ் திரும்பப் பெற்ற மச்சான் சொல்வதைக் கேட்டு வேன் ஓட்டினால், லைசன்ஸ் இல்லாமல் ஓட்டிய புதிய குற்றத்தில் போய் நிற்பீர்கள். இன்சூரன்ஸும் கைவிட்டுவிடலாம்.

இரத்தத்தில் எதைத் தேடுகிறார்கள்

பரிசோதனை நாளன்று உங்கள் இரத்தத்தில் மது இருக்கிறதா என்று இங்கே யாரும் பார்ப்பதில்லை. கடந்த சில வாரங்களில் தொடர்ந்து அதிகமாகக் குடித்தீர்களா என்றுதான் பார்க்கிறார்கள். அதற்கான சோதனைக்கு சி.டி.டி. என்று பெயர்.

இது வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால் பாதி வதந்திகள் தானாக உதிர்ந்துவிடும். உடம்பில் இரும்புச் சத்தைச் சுமந்து செல்லும் ஒரு புரதம் இருக்கிறது, டிரான்ஸ்ஃபெரின். ஈரல்தான் அதைச் செய்கிறது. செய்து முடிக்கும்போது அதன்மேல் சர்க்கரைச் சங்கிலிகளைக் கோத்து, அவற்றின் நுனியில் சியாலிக் அமிலத் துணுக்குகளை வைக்கிறது. நல்ல நிலையில் உள்ள புரதத்தில் பெரும்பாலும் நான்கு துணுக்குகள் இருக்கும். தினமும் நிறையக் குடித்தால் இந்த வேலை தடுமாறும். இரண்டு துணுக்கு மட்டுமே உள்ள குறைப்புரதங்கள் இரத்தத்தில் கூடும். மொத்த டிரான்ஸ்ஃபெரினில் இவை எத்தனை சதவீதம் என்பதே சி.டி.டி. எண்.

டி.வி.எல்.ஏ. இந்த எண்ணைச் சிக்னல் விளக்கைப் போல மூன்றாகப் பிரிக்கிறது. 2.2 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் பச்சை. 2.3 முதல் 2.9 வரை மஞ்சள், மேற்கொண்டு விசாரிப்பார்கள். 3 சதவீதமும் அதற்கு மேலும் சிவப்பு.

எவ்வளவு குடித்தால் எண் ஏறும்? ஆளுக்கு ஆள் வேறுபடும் என்றாலும், நாளொன்றுக்கு 50 முதல் 80 கிராம் தூய ஆல்கஹால் வீதம் ஒன்றிரண்டு வாரம் தொடர்ந்து குடித்தால் பலருக்கு ஏறிவிடும். குடியை விட்டால் பொதுவாக இரண்டிலிருந்து நான்கு வாரங்களில் இறங்கும். மிக உயர்ந்திருந்தால் இன்னும் நாளாகும். எப்போதாவது ஒரு கல்யாணத்தில் குடித்த ஒரு கிளாஸ் இதைத் தூக்கிவிடாது. ஆகவே பச்சையாக இல்லாத எண் வந்தால், "அன்றைக்கு மட்டும் கொஞ்சம்" என்ற விளக்கத்தை மருத்துவர் நம்ப மாட்டார்.

முன்பு ஜி.ஜி.டி. போன்ற ஈரல் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். அவை மதுவால் மட்டும் ஏறுபவை அல்ல. ஈரலில் கொழுப்பு, உடல் பருமன், சில மாத்திரைகள் எல்லாம் அவற்றை உயர்த்தும். நீரிழிவும் கொழுப்பு ஈரலும் வீட்டுக்கு வீடு இருக்கிற நம் சமூகத்துக்கு சி.டி.டி. ஒரு வகையில் நல்ல செய்தி. அந்த நோய்கள் பொதுவாக இதைத் தொடுவதில்லை. இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள். "ஜி.பி. போன மாசம்தான் ஈரல் நல்லாயிருக்கு எண்டவர்" என்று நிம்மதியாக இருக்க முடியாது. அந்தக் குடும்ப மருத்துவர் பார்த்தது வேறு சோதனை. அரிதாகச் சிலருக்குப் பிறவியிலேயே டிரான்ஸ்ஃபெரின் அமைப்பு மாறியிருக்கும். முற்றிய ஈரல் நோயும் எண்ணைக் குழப்பலாம். அப்படி ஏதாவது இருப்பதாகத் தெரிந்தால் படிவத்திலேயே எழுதுங்கள்.

கீழாநெல்லிச் சாறு, எலுமிச்சை, பூண்டு, இணையத்தில் விற்கும் 'ஈரல் கழுவும்' பொடிகள், பரிசோதனைக்கு முந்திய நாள் மூன்று லிட்டர் தண்ணீர்: இவை எதுவும் இந்தச் சதவீதத்தைக் குறைக்காது. தண்ணீர் குடித்து இரத்தம் நீர்த்தாலும் விகிதம் மாறாது. குறைப்புரதங்கள் பழையதாகிக் கழிந்து, ஒழுங்கான புரதங்கள் அவற்றின் இடத்துக்கு வர வேண்டும். அதற்கு மது இல்லாத நாட்கள் தவிர வேறு மருந்தில்லை.

உங்கள் கிளாஸை அளந்து பாருங்கள்

மருத்துவர் கேட்கும் முதன்மையான கேள்வி, வாரத்துக்கு எத்தனை யூனிட் குடிக்கிறீர்கள் என்பது. நம்மவர்களில் நேர்மையாகப் பதில் சொல்ல நினைப்பவர்கூட இங்கே தவறு செய்கிறார். ஏனென்றால் நம் வீடுகளில் யாரும் அளந்து ஊற்றுவதில்லை.

ஒரு மாலை இதைச் செய்து பாருங்கள். வழக்கமாக விஸ்கி ஊற்றும் கிளாஸை எடுத்து, வழக்கமாக ஊற்றும் உயரத்துக்கு, விரல் வைத்துப் பார்க்கும் அதே உயரத்துக்கு, தண்ணீர் ஊற்றுங்கள். அதைக் கேக் செய்ய மாவும் பாலும் அளக்கிற ஜக்கில் கவிழ்த்து, கோட்டைப் பாருங்கள். பப்பில் ஒரு சிங்கிள் என்பது 25 மில்லி. 40 சதவீத விஸ்கியில் அது சரியாக ஒரு யூனிட், 8 கிராம் ஆல்கஹால். உங்கள் ஜக்கில் தண்ணீர் 75இல் நிற்கிறது என்று வையுங்கள். நீங்கள் 'ஒரு பெக்' என்று சொல்வது மூன்று யூனிட். இரவில் இரண்டு பெக் என்றால் ஆறு யூனிட், 48 கிராம். சி.டி.டி. ஏறத் தொடங்கும் வாசலில் நிற்கிறீர்கள். "நான் பெரிசாக் குடிக்கிறதில்லை, டாக்டர்" என்று மனதாரச் சொல்பவரின் இரத்தம் வேறு கதை சொல்வது இதனால்தான்.

எழுபது சென்டிலிட்டர் விஸ்கிப் போத்தல் ஒன்றில் 28 யூனிட் இருக்கிறது. வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டாதீர்கள், அதையும் மூன்று நாளுக்கோ அதற்கு மேலோ பரப்பிக் குடியுங்கள் என்பது 2016 முதல் பிரிட்டன் அரசின் தலைமை மருத்துவர்கள் சொல்லும் ஆலோசனை. ஒருவர் தனியாகக் குடித்தால் ஒரு போத்தல் இரண்டு வாரம் வர வேண்டும். நான்கு சதவீத பியர் ஒரு பைன்ட் 2.3 யூனிட். கடையில் வாங்கும் கடும் பியர்களுக்கு டின்னின் பக்கவாட்டில் யூனிட் எண் அச்சடித்திருப்பார்கள். அதைப் படித்துக் கூட்டுங்கள். தடைக்காலம் முழுவதும் ஒரு சின்னக் குறிப்பேட்டில் எழுதி வந்தால் மருத்துவரிடம் மழுப்ப வேண்டியிருக்காது.

திடீரென்று நிறுத்தாதீர்கள்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா, வியர்க்கிறதா, ஒரு வாய் குடித்தால் அது அடங்குகிறதா? ஆம் என்றால் உங்கள் உடம்பு மதுவுக்குப் பழகிவிட்டது. படிவம் வந்துவிட்டது என்று பயந்து நாளையே சொட்டும் தொடமாட்டேன் என்று சபதம் எடுப்பது அந்த உடம்புக்கு ஆபத்து. கடைசியாகக் குடித்து ஒரு நாளுக்குள் நடுக்கம் தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாட்களில் சிலருக்கு இல்லாத உருவம் தெரியும், இடம் நேரம் தெரியாமல் பிதற்றுவார்கள், காய்ச்சல் அடிக்கும். அதைச் சாமி வந்தது, பேய் பிடித்தது என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. 999ஐ அழையுங்கள். சிகிச்சை இல்லாவிட்டால் அது கொல்லும். வலிப்பு வந்தால் அதன் பெயரில் லைசன்ஸ் இன்னும் தள்ளிப்போகும் என்பதும் உண்மை.

இப்படிப்பட்டவர் செய்ய வேண்டியது: குடியை உடனே நிறுத்தாமல், ஜி.பி.யிடமோ உள்ளூர் மது சிகிச்சை நிலையத்திடமோ போவது. சிகிச்சை நிலையத்துக்கு ஜி.பி. கடிதம் இல்லாமல் நேராகவும் போகலாம். செலவில்லை. சில நாட்களுக்கு மாத்திரை கொடுத்து, பி1 உயிர்ச்சத்தும் தந்து, மேற்பார்வையில் இறக்குவார்கள். மீண்டும் தொடும் ஆசையைத் தணிக்கும் மருந்துகளும் உண்டு.

"எங்கட ஜி.பி. தமிழர், மனுசிக்குச் சொந்தம், ஊர் முழுக்கப் பரவிடும்" என்ற பயம் பலரைத் தடுத்துவிடுகிறது. நோயாளியின் விஷயத்தை வெளியே சொன்னால் அந்த மருத்துவரின் பதிவே ஆபத்தில் விழும். அப்படியும் கூச்சமென்றால் அதே நிலையத்தில் வேறு மருத்துவரைக் கேளுங்கள். ஆங்கிலம் தடையென்றால் என்.எச்.எஸ். இலவசமாக மொழிபெயர்ப்பாளரைத் தரும். முன்கூட்டியே கேட்க வேண்டும். பன்னிரண்டு வயது மகளைக் கூட்டிப்போய் அப்பாவின் குடியை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள்.

மருத்துவர் முன்

படிவம் போன பிறகு எந்த மருத்துவரிடம் போக வேண்டும் என்று டி.வி.எல்.ஏ. தெரிவிக்கும். உங்கள் சொந்த ஜி.பி. இதைச் செய்ய முடியாது. புகைப்படத்துடன் கூடிய அடையாளச் சான்றை எடுத்துப் போங்கள். உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியலும் கையில் இருக்கட்டும். கேள்வித்தாள், உடல் பரிசோதனை, பிறகு முழங்கை மடிப்பில் ஒரு ஊசி, ஒரு சிறு குழாய் இரத்தம். சி.டி.டி.க்காகப் பட்டினி கிடக்கத் தேவையில்லை. சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

முன்பே தனியார் ஆய்வகத்தில் சி.டி.டி. பார்த்துக்கொள்பவர்கள் உண்டு. உங்கள் நிலையை அறிய அது உதவும். நான் அதை ஆதரிக்கிறேன். ஆனால் அந்தத் தாளை டி.வி.எல்.ஏ.வின் சோதனைக்குப் பதிலாக வைக்க முடியாது.

கேள்விகளுக்கு உண்மையைச் சொல்லுங்கள். மதுவுக்காகச் சிகிச்சை பெற்றதை மறைப்பவர்கள், அது லைசன்ஸைக் கெடுக்கும் என்று நினைக்கிறார்கள். டி.வி.எல்.ஏ. உங்கள் ஜி.பி.யிடம் விவரம் கேட்கலாம். அங்கே எழுதியிருப்பதும் நீங்கள் சொன்னதும் மோதினால் நிலைமை மோசமாகும். லைசன்ஸுக்காகப் பொய் சொல்வது குற்றமும்கூட. அளவு மீறிக் குடிக்கும் பழக்கம் இருந்தவர் காருக்கான லைசன்ஸைப் பெற, குறைந்தது ஆறு மாதம் கட்டுப்பாடாகவோ முழுமையாக நிறுத்தியோ இருக்க வேண்டும் என்பது அவர்களின் விதி. உடம்பே மதுவுக்கு அடிமையானவருக்கு ஓராண்டு. லாரி, பஸ் ஓட்டுபவர்களுக்கு முறையே ஓராண்டு, மூன்றாண்டு. இந்த எண்களைப் பார்த்தால் புரியும், கடைசி மூன்று வாரம் மட்டும் தேநீர் குடித்துச் சமாளிப்பது ஏன் போதாது என்று. எண் பச்சையாக வந்தாலும் வரலாறு கேள்வியாக நிற்கும். தடைக்காலத்தின் ஆறாம் மாதத்தில் சிகிச்சைக்குப் போன ஒருவரின் கோப்பு, அதை மறைத்தவரின் கோப்பை விட மிகப் பலமானது.

முடிவு வந்த பின்

பச்சை என்றால், மற்ற விவரங்களும் சரியாக இருந்தால் லைசன்ஸ் வரும். குறுகிய காலத்துக்கு மட்டும் கொடுத்து மறுபடி பரிசோதிப்பதும் நடக்கக்கூடியது. அந்தக் காலத்தை வெற்றிக் கொண்டாட்டத்தில் கழித்தால் அடுத்த சோதனையில் அகப்படுவீர்கள்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் தருவார்கள். மறுபடி எப்போது விண்ணப்பிக்கலாம் என்பதைக் கடிதத்தில் கவனமாகப் படியுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆறு மாதத்துக்குள் மஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்; ஸ்காட்லாந்தில் ஷெரிஃப் நீதிமன்றம், 21 நாள்தான். எண் உண்மையிலேயே உயர்ந்திருந்தால் மேல்முறையீட்டுக்குக் காசைக் கொட்டாதீர்கள். அதே மாதங்களைக் குடியில்லாமல் கழித்து மறுபடி விண்ணப்பிப்பது மலிவு. பிறவி மாற்றம், ஈரல் நோய் போன்ற மருத்துவக் காரணம் இருந்தால் மட்டும் நிபுணரின் கடிதத்தோடு போராடுங்கள்.

மினிகேப் ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை: டி.வி.எல்.ஏ. லைசன்ஸ் கிடைத்ததும் வேலை திரும்பக் கிடைத்துவிட்டது என்று எண்ணி வண்டிக்குக் கடன் எடுக்காதீர்கள். வாடகைக் கார் ஓட்டும் அனுமதியை உள்ளூர் கவுன்சிலோ, லண்டனில் போக்குவரத்துத் துறையோ தனியாக முடிவு செய்யும். இன்சூரன்ஸ் கட்டணமும் ஏறியிருக்கும். கேட்கும்போது தண்டனையை மறைத்தால் பாலிசி செல்லாமல் போகலாம். டிஆர்10, டிஆர்30 குறியீடுகள் தண்டனை தேதியிலிருந்து 11 ஆண்டு லைசன்ஸ் பதிவில் இருக்கும். அதில் முதல் பத்து ஆண்டுக்குள் மறுபடி பிடிபட்டால், குறைந்தபட்சத் தடை ஓராண்டிலிருந்து மூன்றாண்டாக உயர்வதோடு, அளவு எவ்வளவாக இருந்தாலும் இதே மருத்துவர் வரிசையில் மீண்டும் நிற்க வேண்டும்.